வாக்குச்சீட்டில் 2உம் 3உம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்ற பேச்சு, ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் வடக்கிலும் கிழக்கிலும் தவறாமல் எழும். தெற்கில் இரண்டு பெரிய அணிகள். அவற்றில் ஒன்றுதான் வெல்லப் போகிறது. இரண்டுமே நமக்கு ஒத்துவராது. ஆகவே ஒரு சாரார், கேடு குறைந்தவர் யார் என்று பார்த்துப் போடுங்கள் என்பார்கள். இன்னொரு சாரார், நமது ஆளை நிறுத்தி எதிர்ப்பைக் காட்டுவோம் என்பார்கள். மூன்றாவது சாரார் வாக்களிக்கவே போகாதீர்கள் என்பார்கள். 2024 செப்டெம்பரில் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தன. தமிழரசுக் கட்சி வவுனியாவில் கூடி சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று தீர்மானித்தது. அதே கட்சிக்காரரான பா. அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றார். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி புறக்கணிக்கச் சொன்னது. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விவாதம் நடந்தது. அவ்வளவு விவாதத்திலும் மிகக் குறைவாகப் பேசப்பட்டது, வாக்குச்சீட்டில் 1க்கு அடுத்து எழுதக்கூடிய 2உம் 3உம் எதற்கு, சீட்டை எப்படி எண்ணுகிறார்கள் என்பதுதான். எண்ணும் முறையைப் புரிந்துகொண்டால் இந்த மூன்று சாராரின் சண்டையில் பாதி தேவையற்றது. மற்றப் பாதி உண்மையான சண்டை; அதைப் பிறகு பார்ப்போம்.

கேடு குறைந்தவரைத் தேடிய வரலாறு நமக்கு ஒன்றும் இனிமையானதல்ல. போர் முடிந்து எட்டு மாதம் ஆன நிலையில், 2010 ஜனவரியில், அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதிக்கே வாக்களிக்கும் நிலை வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் 63.84 வீதம் சரத் பொன்சேகாவுக்கு விழுந்தது. ஆனால் பதிவு பெற்றவர்களில் கால்வாசிப் பேர்தான் வாக்களிக்கப் போயிருந்தார்கள். 2015இல் மஹிந்த ராஜபக்ஷவை இறக்குவதற்காக மைத்திரிபால சிறிசேனவுக்கு அதே மாவட்டம் 74.42 வீதம் கொடுத்தது. அவர் 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி மஹிந்தவையே பிரதமராக நியமித்தார். 2019இல் கோட்டாபயவைத் தடுக்கவென்று சஜித்துக்கு 83.86 வீதம் போனது, கோட்டாபய வென்றார். வீதம் ஏறிக்கொண்டே போனது, பலன் ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் முதல் வாக்கையே தூக்கிக் கொடுத்துவிட்டதால், அதன் பிறகு யாரிடமும் எதையும் கேட்பதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல், முதலில் வந்தவர் வெல்லும் தேர்தல் அல்ல. 1978 அரசியலமைப்பின் 94ஆம் உறுப்புரை இதைத் தெளிவாகச் சொல்கிறது. மூன்று பேர் போட்டியிட்டால் வாக்காளர் தமது இரண்டாவது விருப்பையும் குறிக்கலாம். மூன்று பேருக்கு மேற்பட்டால் மூன்றாவது விருப்பு வரை குறிக்கலாம். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் எடுத்துவிட்டால் அத்துடன் கதை முடிந்தது. 2, 3 எதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இரண்டு இடத்தில் வந்தவர்களைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே வீச்சில் நீக்கப்படுவார்கள். முதல் இருவருக்கும் விழுந்த சீட்டுக் கட்டுகளைத் தொடுவதில்லை. நீக்கப்பட்டவர்களின் கட்டுகளை மட்டும் திறந்து, ஒவ்வொரு சீட்டிலும் 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். அது முதல் இருவரில் ஒருவருக்கு என்றால் அவருடைய கணக்கில் சேரும். 2 வேறொருவருக்குப் போயிருந்தால் 3ஐப் பார்ப்பார்கள். அதுவும் அந்த இருவரில் ஒருவருக்கு இல்லையென்றால், அல்லது எதுவுமே எழுதப்படாமல் இருந்தால், அந்தச் சீட்டு அங்கேயே ஒதுக்கி வைக்கப்படும். கூட்டி வரும் தொகையில் யார் முன்னுக்கு நிற்கிறாரோ அவர் ஜனாதிபதி. சமமாக வந்தால் திருவுளச்சீட்டு.

1982இலிருந்து 2019 வரை எட்டு ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்தன. எட்டிலும் ஒருவர் பாதியைத் தாண்டினார். அதனால் இரண்டாம் எண்ணிக்கை என்ற ஒன்று சட்டப் புத்தகத்தில் இருப்பதையே பலர் மறந்துவிட்டார்கள். ஒன்பதாவது தேர்தலில்தான், 2024 செப்டெம்பர் 22ஆம் திகதி, அது முதன்முறையாக நடந்தது. அன்றைய கணக்கை நிதானமாகப் பார்த்தால் பல விடயங்கள் வெளியே வரும்.

செல்லுபடியான வாக்குகள் 13,319,616. அநுரகுமார திசாநாயக்க 5,634,915, அதாவது 42.31 வீதம். சஜித் பிரேமதாச 4,363,035, 32.76 வீதம். மூன்றாவதாக ரணில் விக்கிரமசிங்க 2,299,767. நாமல் ராஜபக்ஷ 342,781. அரியநேத்திரன் 226,343. முதல் இருவரையும் தவிர்த்து மற்றவர்களுக்கு விழுந்தவை மொத்தம் 3,321,666 வாக்குகள். இந்த முப்பத்து மூன்று இலட்சம் சீட்டுகளும் திறந்து பார்க்கப்பட்டன. அவற்றிலிருந்து அநுரவுக்குப் போனவை 105,264. சஜித்துக்குப் போனவை 167,867. இரண்டையும் கூட்டினால் 273,131. அதாவது நூறு சீட்டில் எட்டுத்தான் பேசியது. மிகுதி 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள், நாட்டின் ஜனாதிபதி இவரா அவரா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒதுங்கின. வென்றவரின் இறுதித் தொகை 5,740,179; இரண்டாம் எண்ணிக்கையில் கணக்கிட்ட வாக்குகளில் அது 55.89 வீதம், ஆனால் செல்லுபடியான மொத்த வாக்குகளில் 43 வீதம்தான்.

இதைச் சொன்னால், எல்லோரும் 2, 3 எழுதியிருந்தால் சஜித் வென்றிருப்பார் என்று சிலர் உடனே முடிவு கட்டுவார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இந்த இருவரில் ஒருவருக்கு விருப்பு எழுதியவர்களில் 61 வீதமானோர் சஜித்துக்கும் 39 வீதமானோர் அநுரவுக்கும் கொடுத்தார்கள். ஒதுங்கிய சீட்டுகளும் அதே விகிதத்தில் பிரிந்திருந்தால், 12 இலட்சமாக இருந்த இடைவெளி சுமார் 5 இலட்சத்துக்கு இறங்கியிருக்கும், முடிவு மாறியிருக்காது. சஜித் வெல்வதற்கு அந்தச் சீட்டுகளில் கிட்டத்தட்ட 70 வீதம் அவருக்கு வந்திருக்க வேண்டும். நான் சொல்ல வருவது யார் வென்றிருப்பார் என்பதல்ல. எதிர்ப்பைக் காட்டவோ மூன்றாமவரை ஆதரிக்கவோ போனவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், சட்டம் தந்த இரண்டாவது குரலைக் கணக்கில் சேரும்படி பயன்படுத்தவில்லை என்பதுதான்.

ஏன் பயன்படுத்தவில்லை? முதற்காரணம் கைப்பழக்கம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி (X அடையாளம்), பிறகு வேட்பாளர் இலக்கங்களுக்கு மேல் மூன்று வரை புள்ளடி. உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே புள்ளடி. ஜனாதிபதித் தேர்தலில் மட்டும்தான் 1, 2, 3 என்று இலக்கம் எழுத வேண்டும். அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இரண்டையும் 'விருப்பு வாக்கு' என்றே அழைப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது: பாராளுமன்றத்தில் மூன்று விருப்பு வாக்குகளும் சம மதிப்புள்ளவை, ஒரே நேரத்தில் எண்ணப்படுபவை. ஜனாதிபதித் தேர்தலில் 2 என்பது 1 தோற்ற பின்னர் மட்டும் உயிர் பெறுவது. இந்த வேறுபாட்டை வாக்காளருக்கு யாரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பதில்லை.

இரண்டாவது காரணம் கட்சிகள். முதல் இரண்டு இடத்தில் வரக்கூடிய ஒரு வேட்பாளருக்குத் தன் ஆதரவாளர் 2, 3 எழுதுவதால் ஒரு சத ஆதாயமும் இல்லை. அந்தச் சீட்டுத் திறக்கப்படவே போவதில்லை. ஆகவே அவருடைய துண்டுப்பிரசுரத்தில் சின்னமும் அதற்கு நேரே ஒரு புள்ளடியும் மட்டுமே இருக்கும். வீடு வீடாகப் போகும் தொண்டரும் "இதற்கு நேரே ஒன்று போடுங்கோ, வேறொன்றும் எழுதாதேங்கோ, பழுதாய்ப் போய்விடும்" என்று பயமுறுத்திவிட்டு வருவார். அந்தப் பயம் நல்லாய் வேலை செய்கிறது. மூன்றாவது காரணம் சீட்டின் நீளம். 2024இல் 39 பெயர்கள். இரண்டடிக்கு மேல் நீளமான தாள். வேட்புமனுவின் பின் இறந்துவிட்ட ஒரு வேட்பாளரின் பெயர்கூட அதில் இருந்தது. கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000 ரூபாய் என்று 1981இல் வைத்த கட்டுப்பணம் அப்படியே கிடப்பதால் யார்தான் நிற்கமாட்டார்? அந்த நீளச் சீட்டில் ஒரு சின்னத்தைத் தேடிப் பிடிப்பதே பாடு. மூன்றைத் தேட முதியவர்களுக்குப் பொறுமை இராது.

புறக்கணிப்புக்கு வருவோம். இங்கேதான் எண்ணும் முறை தெரியாததால் வரும் நட்டம் மிகப் பெரியது. பாதி என்பது பதிவு பெற்ற வாக்காளர்களின் பாதி அல்ல. அளிக்கப்பட்ட வாக்குகளின் பாதியும் அல்ல. செல்லுபடியான வாக்குகளின் பாதி. வீட்டில் இருந்தவரும், சீட்டில் வசை எழுதிவிட்டு வந்தவரும், தவறாகக் குறித்தவரும் கணக்கில் ஒன்றுதான்: மூவருமே அந்தப் பாதியின் உயரத்தைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். முன்னுக்கு நிற்பவர் தாண்ட வேண்டிய வேலி தாழ்கிறது. எதிர்ப்பு வேட்பாளர் ஒருவருக்கு விழும் வாக்கோ வேலியை உயர்த்துகிறது. அரசியல் நோக்கில் புறக்கணிப்பும் பொது வேட்பாளரும் அண்ணன் தம்பி போலத் தெரியலாம். எண்ணும் மேசையில் அவை ஒன்றுக்கொன்று எதிரானவை.

2005ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மஹிந்த ராஜபக்ஷ 4,887,152 வாக்குகள், 50.29 வீதம். ரணில் விக்கிரமசிங்க 4,706,366. இருவருக்கும் இடைவெளி 180,786 என்பதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதைவிட முக்கியமான இலக்கம் ஒன்று உண்டு: பாதியை விட மஹிந்தவுக்கு மேலதிகமாக இருந்தது சுமார் 28,600 வாக்குகள் மட்டுமே. மற்றவர்களுக்கு விழும் ஒவ்வொரு வாக்கும் பாதிக் கோட்டை அரை வாக்கால் உயர்த்தும் என்பதால், அதன் இரு மடங்கு, ஏறத்தாழ 57 ஆயிரம் வாக்குகள், மஹிந்த தவிர்ந்த எவருக்கேனும் கூடுதலாக விழுந்திருந்தால் அவர் பாதியைத் தொட்டிருக்க மாட்டார். இரண்டாம் எண்ணிக்கை அன்றே நடந்திருக்கும். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு அறிவிப்பை அடுத்து, ஏழு இலட்சத்துக்கு மேல் பதிவு வாக்காளர்கள் இருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் அன்று அளிக்கப்பட்ட வாக்குகள் 8,524. அது மக்களின் சுயவிருப்பா என்பது தனி விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது, ரணிலுக்குப் போட மனமில்லாதவர்கள் அந்தப் பட்டியலில் இருந்த எந்தச் சிறிய வேட்பாளருக்குப் போட்டிருந்தாலும் வேலி உயர்ந்திருக்கும் என்பது. இரண்டாம் எண்ணிக்கையில் யார் வென்றிருப்பார் என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை.

1988உம் அப்படித்தான். ஜே.வி.பி.யின் வன்முறைக்கு நடுவில் 55 வீதமானோரே வாக்களித்த தேர்தல். பிரேமதாச 50.43 வீதம், மூன்று வேட்பாளர்கள் மட்டுமே. மற்ற இருவருக்குமாக இன்னும் 44 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த வாக்குகள் விழுந்திருந்தால், ஒஸீ அபேகுணசேகரவுக்கு விழுந்த 235,719 சீட்டுகளையும் திறந்து 2 யாருக்கு என்று பார்த்திருப்பார்கள்.

நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 2024இல் நாடு முழுவதிலும் 300,300. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 25 ஆயிரத்துக்கு மேல். நாட்டின் சராசரியை விட வீதம் மிக அதிகம். எத்தனை பேர் வேண்டுமென்று பழுதாக்கினார்கள், எத்தனை பேர் தெரியாமல் பழுதாக்கினார்கள் என்று பிரித்தறிய வழியில்லை. வேண்டுமென்று செய்தவர்களுக்கு மேலே சொன்ன வேலிக் கணக்கே பதில். இந்தியாவில் 2013 முதல் வாக்குப் பொறியில் இருக்கும், 'எவருக்கும் வாக்கில்லை' என்று பதிவு செய்யும் நோட்டாவைப் போல இங்கும் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே நோட்டா முதலிடம் பெற்றாலும் அடுத்து வந்த வேட்பாளரே வென்றவர். எண்ணி அறிவிப்பார்கள், அவ்வளவுதான். இங்கு இருக்கிற 2உம் 3உம் அதைவிடப் பலமான ஆயுதம்.

குறிக்கும் முறை. 1 மட்டும் எழுதினால் செல்லும். ஒரு புள்ளடி மட்டும் போட்டாலும் செல்லும்; அது முதல் விருப்பாகவே கொள்ளப்படும். ஒருவருக்கு 1, இன்னொருவருக்கு 2 என்றால் செல்லும். 1, 2, 3 என்று மூவருக்கு எழுதினாலும் செல்லும். 1 இல்லாமல் 2 அல்லது 3 மட்டும் எழுதினால் சீட்டு நிராகரிக்கப்படும். இரண்டு பேருக்கு 1 எழுதினாலும், இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டாலும் அதே கதி. புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்கவே வேண்டாம்: விருப்பு எழுதுவதாக இருந்தால் முதலாவதற்கும் 1 என்றே எழுதுங்கள். 4 எழுத இடமில்லை. பெயர், கையொப்பம், படம், திட்டு எதுவும் கூடாது. இலக்கத்தைக் கட்டத்துக்குள், வெட்டித் திருத்தாமல் எழுத வேண்டும். 1ஐ 7 போலவும் 2ஐ 3 போலவும் எழுதுபவர்கள் கொஞ்சம் ஆறுதலாக எழுதினால் எண்ணும் மேசையில் இழுபறி வராது. உள்ளே போகுமுன் மூன்று சின்னங்களையும் அவற்றின் வரிசையையும் மனதில் பதித்துக்கொள்வது நல்லது. 39 பெயருக்கு முன்னால் நின்றுகொண்டு யோசித்தால் கை தடுமாறும்.

யாருக்கு எந்த இலக்கம்? இதில்தான் பலர் வீணடிக்கிறார்கள். எதிர்ப்பு வேட்பாளருக்கு 1 போட்டுவிட்டு, அவரைப் போலவே வெல்ல வாய்ப்பில்லாத வேறு இரண்டு சின்ன வேட்பாளர்களுக்கு 2, 3 கொடுப்பது மனதுக்கு நிறைவாக இருக்கலாம். எண்ணிக்கையில் அது வெறும் 1 எழுதிய சீட்டுத்தான். 2உம் 3உம் முதல் இரண்டு இடத்துக்கு வரக்கூடியவர்களுக்குப் போக வேண்டும். 2024இல் போல வெல்லக்கூடியவர்கள் மூவர் இருந்தால் கணக்கு மிக அழகாக வந்து பொருந்தும். மூவரில் யார் வரவே கூடாது என்று நினைக்கிறீர்களோ அவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற இருவருக்கும் 2, 3 எழுதினால் போதும். மூவரில் எந்த இருவர் இறுதிக்கு வந்தாலும் அவர்களில் ஒருவராவது உங்கள் சீட்டில் இருப்பார். சங்குக்கு 1, தொலைபேசிக்கு (சஜித்) 2, எரிவாயுச் சிலிண்டருக்கு (ரணில்) 3 என்று எழுதிய ஒருவரின் சீட்டு, இறுதியில் திசைகாட்டியும் (அநுர) தொலைபேசியும் நின்றபோது தொலைபேசிக்குப் போயிருக்கும். திசைகாட்டியும் சிலிண்டரும் நின்றிருந்தால் சிலிண்டருக்குப் போயிருக்கும். சங்குக்கு 1, திசைகாட்டிக்கு 2 என்று எழுதியவருக்கும் இதே தர்க்கம்தான். வெல்லக்கூடியவர்கள் நால்வர் என்றால் மூன்று இலக்கங்கள் எல்லாச் சேர்க்கைக்கும் போதாது. அப்போது வாய்ப்பு அதிகமுள்ள இருவரைக் கணித்து எழுத வேண்டும்.

2 எழுதினால் 1இன் மதிப்புக் குறையுமே என்ற கேள்வி பல இடங்களில் வருகிறது. குறையாது. முதல் எண்ணிக்கை தனியாக அறிவிக்கப்படுகிறது. அரியநேத்திரனின் 226,343 என்ற இலக்கம் அவருடைய ஆதரவாளர்களில் எத்தனை பேர் 2 எழுதியிருந்தாலும் அப்படியேதான் பதிவாகியிருக்கும். உலகத்துக்குக் காட்ட வேண்டிய எதிர்ப்பு முதல் எண்ணிக்கையில் காட்டப்பட்டுவிடுகிறது. தென்னிலங்கைத் தலைவர் எவருக்கும் 2 கூடக் கொடுக்கக் கூடாது என்பது கொள்கை நிலைப்பாடாக இருக்கலாம், அதை மதிக்கலாம். ஆனால் 'சீட்டுப் பழுதாகும்', 'எதிர்ப்புக் கரையும்' என்ற காரணங்களைச் சொல்லி அதை நியாயப்படுத்துவது தவறு.

2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் புளோரிடா மாநிலத்தை ஜோர்ஜ் புஷ் 537 வாக்குகளால் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அங்கே மூன்றாமவரான ரால்ப் நேடருக்கு 97,488 வாக்குகள் விழுந்திருந்தன. அந்தச் சீட்டுகளில் 2 எழுத இடமில்லை. இருபத்தைந்து வருடமாக நேடரின் ஆதரவாளர்கள் பழி சுமக்கிறார்கள். இரண்டே கட்சி என்ற சிறைக்குள் இருக்கும் அந்த நாட்டில், மெய்ன், அலாஸ்கா போன்ற மாநிலங்கள் போராடித்தான் வரிசைப்படுத்தி வாக்களிக்கும் முறையைக் கொண்டுவந்தன. நமக்கு 1978இலேயே வந்துவிட்டது. கேட்டுப் பெறாததாலோ என்னவோ அதன் அருமை தெரியவில்லை.

இனி அந்த மற்றப் பாதி, உண்மையான சண்டை. நமது முறையில் முதல் இருவரைத் தவிர எல்லோரும் ஒரே அடியில் நீக்கப்படுகிறார்கள். ஆகவே இரண்டாம் இடத்துக்கான போட்டி நெருக்கமாக இருந்தால், கேடு குறைந்தவருக்கு 1 போடாமல் எதிர்ப்பு வேட்பாளருக்குப் போடுவது, அவரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிடக்கூடும். அப்போது 2, 3 காப்பாற்றாது. 2024இல் இரண்டாம் மூன்றாம் இடங்களுக்கு இடையே 20 இலட்சத்துக்கு மேல் இடைவெளி இருந்ததால், அரியநேத்திரனின் இரண்டே கால் இலட்சம் அதை அசைத்திருக்காது. சங்குக்கு 1 போட்டவர்கள் இந்த வகையில் எதையும் இழக்கவில்லை. அடுத்த முறை இடைவெளி ஒரு இலட்சமாக இருந்தால் கணக்கு வேறு. அதேபோல ஒருவர் பாதியைத் தாண்டுவது உறுதியாகத் தெரிந்தால் 2, 3 எழுதியும் பயனில்லை. 2019இல் கோட்டாபய பாதிக்கு மேல் மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னால் நின்றார். அங்கே விருப்பு எண்ணிக்கைக்கு இடமே வரவில்லை. அயர்லாந்தின் ஜனாதிபதித் தேர்தலில் போல, கடைசி வேட்பாளரிலிருந்து படிப்படியாக நீக்கிக்கொண்டு போகும் முறை இருந்தால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி தீரும். அதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். நிறைவேற்று ஜனாதிபதி முறையையே ஒழிப்போம் என்று சொல்லி வந்தவர்கள் ஆட்சியில் இருக்கும்போது, முறையைத் திருத்துங்கள் என்று கேட்பதற்கு யார் காது கொடுப்பார்கள்?

கட்சிகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2019 ஒக்டோபரில் பல்கலைக்கழக மாணவர்களின் முயற்சியில் ஐந்து தமிழ்க் கட்சிகள் 13 அம்சக் கோரிக்கையில் கையெழுத்திட்டன. தெற்கின் பிரதான வேட்பாளர்கள் எவரும் அதை ஏற்கவில்லை. எதற்காக ஏற்பார்கள்? வடக்கின் வாக்கு எப்படியும் கோட்டாபயவுக்கு எதிராகத்தான் விழும் என்று சஜித்தின் அணிக்குத் தெரியும். தமக்கு விழாது என்று கோட்டாபயவின் அணிக்கும் தெரியும். முதல் விருப்பை வைத்து மிரட்டினால் எவரும் நம்புவதில்லை, ஏனென்றால் கடைசி வாரத்தில் பயம் வென்றுவிடும். இரண்டாம் விருப்பு அப்படியல்ல. முதல் விருப்பு ஏற்கனவே பொது வேட்பாளரிடம் பத்திரமாக இருக்கும்போது, 2ஐ யாருக்கு என்று கடைசி வரை திறந்து வைத்துப் பேரம் பேசலாம். எழுத்தில் உறுதி கொடுப்பவருக்கு 2, கொடுக்காவிட்டால் வெறும் 1. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தலைவர் கைகாட்டினால் மக்கள் 2ஐ எழுதுவார்கள் என்று எதிர்த்தரப்பு நம்ப வேண்டும். நூற்றுக்கு எட்டுச் சீட்டில் மட்டும் விருப்பு பயன்படும் நாட்டில் அந்தப் பேரத்துக்கு எந்தக் கட்சியும் மதிப்புக் கொடுக்காது. பழக்கத்தை முதலில் உண்டாக்க வேண்டும், பேரம் பிறகு.

தேர்தல்கள் ஆணைக்குழுவும் செய்யலாம். இரண்டாம் எண்ணிக்கையை வெளியிடும்போது, நீக்கப்பட்ட எந்த வேட்பாளரின் கட்டிலிருந்து எத்தனை விருப்புகள் யாருக்குப் போயின, எத்தனை சீட்டுகளில் 2, 3 எழுதப்பட்டும் பயன்படாமல் போயின, எத்தனையில் ஒன்றுமே எழுதப்படவில்லை என்று மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கட்டுகளைத் திறந்து எண்ணுபவர்கள் எப்படியும் அவற்றைப் பார்க்கிறார்கள். ஒரு படிவத்தில் மூன்று நிரல்கள் கூடுதலாகச் சேர்ப்பதுதான் வேலை. நிராகரிக்கப்பட்டவற்றையும் காரணவாரியாகப் பிரித்தால், அடுத்த முறை எதைக் கற்பிக்க வேண்டும் என்று தெரியும். கற்பிப்பதைத் தபால் வாக்காளர்களிடமிருந்து தொடங்கலாம். ஆசிரியர்களும் அரச உத்தியோகத்தர்களுமே அவர்களில் பெரும்பகுதி. அவர்கள் வழியாக ஊருக்குப் போகும். சனசமூக நிலையங்களில் ஐம்பது மாதிரிச் சீட்டுகளைக் கொடுத்து, மக்களைக் குறிக்கச் சொல்லி, அங்கேயே இரண்டு சுற்றாக எண்ணிக் காட்டினால் ஒரு மணித்தியாலத்தில் விளங்கிவிடும். விரிவுரையால் விளங்காது.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்டதும், கட்சி விளம்பரங்கள் பக்கங்களை நிரப்புமுன், கால் பக்கத்துக்கு ஒரு மாதிரி வாக்குச்சீட்டை அச்சிடுங்கள். சரியாகக் குறித்தவை நான்கு, நிராகரிக்கப்படுபவை நான்கு, பக்கத்தில் இரண்டு வரி விளக்கம். அதில் உண்மையான வேட்பாளர்களின் பெயரோ சின்னமோ வேண்டாம். எவருடைய சின்னத்துக்கு நேரே 1 அச்சாகிறதோ அது அவருக்கு இலவச விளம்பரமாகிவிடும். மா, பலா, வாழை என்று போட்டால் போதும்.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்.